37-ஆவது ஃபீடரும் நாலு கிராம் டென்ஷனும்

போன ஆடியில் ஒரு மத்தியானம், பார்ட்டி ஒருவர் வண்டியிலிருந்து அரை ரோல் துணியை இறக்கி எங்கள் ஷெட் வாசலிலேயே விரித்தார். நேவி ப்ளூ. 30-ஆம் நம்பர் கோம்டு நூலை எங்களிடம் கொடுத்து சிங்கிள் ஜெர்சியாக ஓட்டி வாங்கிப்போன துணி. சாயம் ஏறாத கிரேயாகப் போனபோது ஒரு குறையும் கண்ணில் படவில்லை. லைட் போட்டு, ரோல் செக்கிங் முடித்துத்தான் அனுப்பினோம். சாயம் ஏறி வந்ததும் துணிக்குக் குறுக்கே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி லேசாக ஒரு லைன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ரோல் முடியும்வரை அப்படியே.

"ஏனுங்க, இதை வெட்டித் தைச்சா பனியனுங்களா, கோடு போட்ட நோட்டுங்களா?" என்றார். சிரிக்கவில்லை. டெபிட் வரப்போகிறது என்று புரிந்துவிட்டது.

திருப்பூரில் ஜாப் ஒர்க் நிட்டிங் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறோம்; குறை வந்தால் நூல், நிட்டிங், சாயம் மூன்றுக்கும் சேர்த்து நம் தலையில் எழுதுவார்கள். அந்தக் கணக்கு இருக்கட்டும். அந்த லைன் எங்கிருந்து வந்தது, அதைத் தேடப்போய் மிஷின் முழுவதும் நூல் டென்ஷனை, அதாவது நூலின் விறைப்பை, எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம் என்பதைத்தான் எழுதி வைக்கிறேன். நாங்கள் வீணாக்கிய நாட்களையும் சேர்த்து.

மிஷின் 30 இஞ்ச் டயா, 24 கேஜ் (இஞ்சுக்கு 24 ஊசி), 90 ஃபீடர் (ஊசிக்கு நூல் ஊட்டும் இடங்கள்), மொத்தம் 2,256 ஊசி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நூல் போவது பாசிட்டிவ் ஃபீடர் வழியாக. கிரீல் என்ற ஸ்டாண்டில் இருக்கும் கோனிலிருந்து நூல் கிளம்பி, மேலே ஒரு சின்னச் சக்கரத்தில் பதினைந்து சுற்றுப் போட்டுக்கொண்டு ஊசிக்கு இறங்கும். 90 சக்கரங்களையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. பெல்ட்டை ஓட்டுவது விடிக்யூ புல்லி. அதன் டயாவைக் கூட்டினால் பெல்ட் வேகமாகும், ஒரு சுற்றுக்குப் போகும் நூல் கூடும், லூப் நீளும். ஊசி தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ள முடியாது. ரேஷன் கடை மாதிரி, அளந்து போட்டதுதான்.

ரேஷனில் 90 பேருக்கும் ஒரே அளவு என்றால் லைன் எப்படி விழும்? இங்கேதான் நான் ரொம்ப நேரம் முட்டிக்கொண்டேன்.

முதலில் ஸ்கேல் வைத்து அளந்தேன். லைனுக்கும் லைனுக்கும் இடையே இரண்டு இஞ்சுக்கு ஒரு மயிரிழை கம்மி. பிக் கிளாஸ் என்ற பூதக்கண்ணாடி வைத்து எண்ணினால் ஒரு இஞ்சில் 46 கோர்ஸ், அதாவது குறுக்கே ஓடும் லூப் வரிசை; ஒரு சுற்றுக்கு ஒரு ஃபீடர் ஒரு கோர்ஸ் போடும். 90-ஐ 46-ஆல் வகுத்தால் 1.96 இஞ்ச். அதாவது மிஷின் ஒரு சுற்று சுற்றினால் ஒரு லைன். ஆக, 90 ஃபீடரில் ஏதோ ஒன்றே ஒன்றுதான் திருடன். லைன் பட்டையாக இருந்தாலோ, இடைவெளி மாறி மாறி இருந்தாலோ இந்தக் கணக்கு நிற்காது. எங்களுக்கு நின்றது.

உடனே மில்லின் மேல் சந்தேகம். நம்பர் மாறிய கோன் ஒன்று கலந்திருக்கும் என்று கிரீல் முழுக்க கோன் நுனிக் கலரைப் பார்த்தோம். எல்லாம் ஒரே கலர், ஒரே லாட். இதற்கிடையில் நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர், உதவி செய்வதாக நினைத்து, நாலைந்து ஃபீடரில், ஊசி இறங்கும் ஆழத்தை அமைக்கும் ஸ்டிச் கேமைத் திருகி வைத்துவிட்டார். எதை, எவ்வளவு என்று அவருக்கே நினைவில்லை. இரண்டு நாள் இப்படியே போனது.

கிரே துணியில் லைன் தெரியாதபோது எந்த ஃபீடர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே கைகொடுத்தது வெள்ளை பாலியெஸ்டர் தையல் நூல். ஒன்றாம் ஃபீடரிலும் ஐந்தாம் ஃபீடரிலும் பருத்தி நூலை எடுத்துவிட்டு அதைப் போட்டு நாலைந்து சுற்று ஓட்டி, பிறகு பழையபடி பருத்தி நூலையே போட்டு ஓட்டினேன். அந்தத் துண்டை வெட்டி, தெரிந்த டையிங்கில் சாம்பிளாகச் சாயம் போட்டு வாங்கினேன். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பாலியெஸ்டரில் பிடிக்காது. நேவி ப்ளூ துணியில் அந்த ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கோர்ஸ் மட்டும் வெள்ளையாக நின்றன. ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்றால், துணியை எந்தப் பக்கமாக எண்ணுவது என்ற குழப்பம் வராமல் இருக்க. ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போகும் திசைதான் ஃபீடர் எண் ஏறும் திசை.

பிக் கிளாஸில் கண்ணை வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு கோர்ஸாகத் தொட்டு எண்ணினேன். இரண்டு முறை. இரண்டு முறையும் 37.

அடுத்து 37-இல் இருந்த கோனை 50-க்கும், 50-இல் இருந்ததை 37-க்கும் மாற்றி இன்னொரு சாம்பிள். லைன் கோனோடு போகவில்லை, 37-லேயே நின்றது. மில் விடுதலை. குறை நம் வீட்டில்தான்.

துணியை ஒரே ஊசி வரிசையைப் பிடித்து நெடுக வெட்டினேன். அப்போது ஒவ்வொரு கோர்ஸும் ஒரு முழுச் சுற்று நூல். 36, 37, 38 மூன்றையும் பிரித்தெடுத்து, தரையில் டேப்பை ஒட்டி, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையை ஸ்டூல் விளிம்பு வழியாக இறக்கி, ஒரு சின்ன நட்டைத் தொங்கவிட்டேன். நூலின் சுருக்கம் நீங்க வேண்டும், மூன்றுக்கும் ஒரே எடையாகவும் இருக்க வேண்டும். 36-க்கு 6.20 மீட்டர். 38-க்கு 6.21. 37-க்கு 6.05.

ஊசி எண்ணிக்கையால் வகுத்தால் மற்ற ஃபீடர்களில் லூப் 2.75 மில்லிமீட்டர், 37-இல் 2.68. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு. கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒரு கோர்ஸ் மட்டும் சற்று இறுக்கமாக உட்கார்ந்து, சாயம் ஏறிய பிறகு வெளிச்சத்தை வேறு மாதிரி காட்டுகிறது. நீள நெடுகத் திரும்பத் திரும்ப வருவதால் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது.

எங்களுக்கு மிஷின் மாட்டிக் கொடுத்த பழைய ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை ஒட்டி. கூப்பிட்டேன். வந்தவர் துணியைப் பார்க்கவேயில்லை. மிஷினை நிறுத்தி, பெல்ட்டைத் தளர்த்தி, ஒன்றாம் ஃபீடரிலிருந்து ஒவ்வொரு சக்கரமாக ஒற்றை விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். சுண்டினால் சக்கரம் சில சுற்று ஓடி நிற்க வேண்டும். 37 அரைச் சுற்றில் நின்றது.

"நூலு சக்கரத்துல சுத்தியிருந்தா போதும்னு நெனச்சிட்டீங்களாக்கும். சக்கரம் சுத்துதான்னு பாக்க வேண்டாங்ளா தம்பி?"

கழற்றினோம். பேரிங் முழுக்கப் பஞ்சுத் தூசும் நூலில் பூசி வரும் மெழுகும் சேர்ந்து களிம்பு மாதிரி அடைத்திருந்தது. புல்லியின் பல் ஓரங்கள் தேய்ந்து பளபளத்தன. பெல்ட்டும் பழசு, போன முறை விடிக்யூ மாற்றியபோது அதை நாங்கள் சரியாக இழுத்துக் கட்டவில்லை. சக்கரம் கனத்தது, பெல்ட் தளர்வு. இரண்டும் சேர்ந்து, அந்த ஒரு புல்லியில் மட்டும் பெல்ட் வழுக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஒரு ரோலில் லைன் பளிச்சென்றும் அடுத்ததில் மங்கலாகவும் இருந்ததற்குக் காரணம் இப்போது பிடிபட்டது: பேரிங் ஒரே மாதிரி இறுகவில்லை, ஓடி ஓடிச் சூடேறினால் கொஞ்சம் இளகியிருக்கும்.

தூசு எங்கிருந்து இவ்வளவு? ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கத்தில் ஜூனில் ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை விடாது. ஷெட்டுக்குள் வெக்கை என்று மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். மிஷின் மேலே சுற்றும் ஃபேன் பஞ்சை ஒரு பக்கம் தள்ளினால், காற்று அதையே திருப்பிக் கொண்டுவந்து வைத்தது. 37 அந்த ஜன்னலுக்கு நேராக நிற்கிறது.

பேரிங் மாற்றி, புதுப் பெல்ட் போட்டு, சாம்பிள் எடுத்தோம். லைன் போய்விட்டது. பதிவு இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெரியவர் கிளம்பும்போது நூலைச் சும்மா தொட்டுப் பார்த்து, "எதுவும் ஒண்ணுக்கொண்ணு சேரலீங்களே" என்றார். சக்கரத்துக்குக் கீழே, ஊசிக்குப் போகும் இடத்தில் நூலின் மேல் விரலை வைத்துச் சொன்னது. அது மனதில் உறுத்தியது. பக்கத்து யூனிட்டில் டென்ஷன் மீட்டர் கடன் வாங்கினேன்.

மூன்று சின்ன உருளை உள்ள கை மீட்டர். நடு உருளை நூலை லேசாக வளைக்கும். நூல் எதிர்க்கும் பலத்தை முள் காட்டும். கடன் வாங்கிய சாமானை நம்பக் கூடாது என்பதால் முதலில் அதையே சோதித்தேன். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை, துணி எடை பார்க்கும் ஜிஎஸ்எம் தராசில் வைத்தால் 6 கிராம். அதை நூலில் ஒட்டித் தொங்கவிட்டு, நூலை மீட்டர் வழியாக மெதுவாக மேலே இழுத்தேன். முள் ஆறுக்குப் பக்கத்தில் நின்றது. போதும். மீட்டரில் எழுதியிருப்பது சென்டி நியூட்டன். கிராமுக்கும் அதற்கும் நூற்றில் இரண்டு பங்குதான் வித்தியாசம், எங்கள் வேலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அளக்கும்போது மிஷின் ஓடும் வேகத்தில்தான் ஓட வேண்டும். நாங்கள் ஓட்டுவது 25 ஆர்பிஎம், சுற்றுக்கு 6.2 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 155 மீட்டர் நூல் அந்த மீட்டர் வழியாகப் போகும். மெதுவாக ஓட்டி அளந்தால் வேறு எண் வரும். முள் ஆடும், ஆட்டத்தின் நடுவை எடுத்துக்கொள்ள வேண்டும். முழுக்கைச் சட்டையோடு பெல்ட் பக்கம் போகக் கூடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் என் நீலச் சட்டையின் வலது கை.

நோட்டில் எழுதிய எண்களில் ஒரு துண்டு:

ஃபீடர் 11: 7½
12: 4
13: 4
14: 2, ஆடுகிறது
15: 9
16: 5

மிஷின் முழுக்க இதே கதை. குறைந்தது 2, கூடியது 9. 30-ஆம் நம்பர் பருத்தி நூலுக்கு 3-லிருந்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நான் நாலைக் குறியாக வைத்துக்கொண்டேன்.

ஒரே பெல்ட், ஒரே அளவு நூல், அப்படியும் டென்ஷன் ஏன் இப்படி? சக்கரம் கொடுப்பது நீளம். டென்ஷன் அதன் வேலை இல்லை. ஊசியை எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவது என்று முடிவு செய்வது ஸ்டிச் கேம். கேம் ஆழமாக இருந்தால் ஊசி நிறைய நூல் கேட்கும். சக்கரம் அளந்ததற்கு மேல் தராது. நடுவில் மாட்டிய நூல் விறைக்கும். கேம் மேலே இருந்தால் ஊசி கொஞ்சமாகக் கேட்கும். வந்த நூல் மிஞ்சித் தொய்யும். தொய்ந்தால் லூப் ஊசிக் கொக்கியில் சிக்காமல் டிராப் விழும், விறைத்தால் அறுந்து ஓட்டை விழும். ஆக, பாசிட்டிவ் ஃபீடரில் டென்ஷன் மீட்டர் காட்டுவது உண்மையில் கேம் எங்கே நிற்கிறது என்பதை. நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் திருகிய கேம்களை மீட்டர் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தது. 15-ஆம் ஃபீடர் அவர் கைவண்ணம்தான்.

பின்னலாடையின் அகலம், நீளம், சுருக்கம் எல்லாம் கடைசியில் லூப் நீளத்தில்தான் நிற்கிறது என்று மண்டன் என்பவர் 1959-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கேமை மட்டும் திருகி லூப் நீளத்தைச் சரிசெய்ய முடியாததற்கும் காரணம் இருக்கிறது. ஊசி கீழே இறங்கும்போது முன்பக்கம் நூல் இறுக்கமாக இருந்தால், பின்னால் அப்போதுதான் முடிந்த லூப்பிலிருந்து கொஞ்சம் நூலைப் பிடுங்கிக்கொள்ளும். பக்கத்து இலையில் கை வைக்கிற பந்திக்காரன் மாதிரி. அதனால் முதலில் விடிக்யூ. லூப் நீளம் அமைந்தபிறகு கேம். நாங்கள் இத்தனை வருடம் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்: துணி கனமாக வந்தால் கேமைத் தொடுவது.

கேமைச் சரிசெய்ய ஒரு முழு நாள் ஆனது. டென்ஷன் கூடிய இடத்தில் கேமை ஒரு துளி மேலே, குறைந்த இடத்தில் ஒரு துளி கீழே. ஒரு ஃபீடரைத் தொட்டால் இரண்டு பக்கத்திலும் முள் கொஞ்சம் நகரும். அதனால் ஒரு சுற்று முடித்து, அரை மணி நேரம் ஓட்டி, மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் சுற்றில் பெரும்பாலானவை மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் வந்துவிட்டன.

வராதது பன்னிரண்டு ஃபீடர். அவற்றில் கேம் சரி, சக்கரம் சரி, ஆனால் முள் நிலையாக நிற்கவில்லை, துடித்தது. அப்போதுதான் சக்கரத்துக்கு மேலே, கிரீல் பக்கம் பார்வை போனது. முதல் நாளே போயிருக்க வேண்டும்.

நல்ல நிலையில் இருக்கும் ஃபீடர் ஒன்றில் மேலேயும் கீழேயும் அளந்து பார்த்தேன். மேலே முள் 2-க்கும் 5-க்கும் இடையே குதிக்கிறது. கீழே நாலில் நிற்கிறது. கோன் பக்கத்துக் கலாட்டாவை அந்தப் பதினைந்து சுற்று வாங்கி விழுங்கிவிடுகிறது. அடங்காத பன்னிரண்டில் ஏழை எண்ணிப் பார்த்தேன்: எட்டுச் சுற்று, ஏழு சுற்று, ஒன்றில் ஐந்து. நூல் அறுந்தபோது அவசரத்தில் முடிச்சுப் போட்டுச் சுற்றியது. பதினைந்தாகச் சுற்றியதும் அந்த ஏழும் அடங்கின.

மீதி ஐந்தில் மேலே போகும் டென்ஷனே அளவுக்கு மீறி இருந்தது. இரண்டில் வழிகாட்டிக் கண்ணில் நூல் அறுத்து அறுத்துப் பள்ளம். பீங்கான் கண்தான், அதையும் நூல் அறுக்கிறது. நகத்தை வைத்துத் தடவினால் தட்டுப்படும். ஒன்றில் கோன் மாட்டும் ஆணி வளைந்து, கோன் மூக்கு வழிகாட்டிக்கு நேராக இல்லை. நூல் சுழன்று வரும்போது கோன் விளிம்பில் சட் சட்டென்று உரசும் சத்தம் காதை வைத்தால் கேட்டது. மீதி இரண்டில், நூலை நடுவில் விட்டு அழுத்தும் தட்டான டென்ஷன் டிஸ்க் மெழுகுப் பிசினில் ஒட்டிச் சுழலாமல் நின்றிருந்தது.

டிஸ்க்குக்கும், நூல் வழியில் திரும்பும் வளைவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டிஸ்க் இறுக்கினால் டென்ஷனில் இத்தனை கிராம் என்று கூடும். வளைவு கூட்டாது, பெருக்கும். உராய்வு 0.15 உள்ள மெழுகு நூல் மூன்று இடத்தில் 90 டிகிரி திரும்பினால், 1 கிராமில் கிளம்பியது 2 கிராமாகும். மெழுகு குறைந்து உராய்வு 0.20 ஆனால், அதே வழியில் 2.6. கிரீலில் டிஸ்க்கை ஒரு கிராம் இறுக்கினால், அந்த ஒன்றும் வழியிலுள்ள எல்லா வளைவிலும் பெருகித்தான் சக்கரத்துக்கு வரும். நூல் ஆடுகிறதே என்று டிஸ்க்கை இறுக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

டிஸ்க் சுத்தம் செய்ததில் ஒரு கூத்து. உதவிக்கு இருந்த பையன் மெழுகு சீக்கிரம் போகும் என்று மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து மாட்டிவிட்டான். அடுத்த ரோலில் இரண்டு இஞ்சுக்கு ஒரு மஞ்சள் கோடு, பளிச்சென்று. கண்டுபிடிக்க இந்த முறை சாயம் போட வேண்டிய அவசியமே இல்லை. சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினோம். மெழுகு வெந்நீரில் தானாக இளகும்.

பெரியவரை மறுபடி கூப்பிட்டேன். விரலை வைத்து, "இது நாலு. இதும் நாலு. இது அஞ்சரைங்" என்றுகொண்டே போனார்; நான் பின்னால் மீட்டரோடு. பக்கத்துப் பக்கத்து ஃபீடரில் அரை கிராம் வித்தியாசத்தைக்கூட விரல் பிடித்தது, சொல்லப்போனால் எனக்குப் பொறாமையாக இருந்தது. சாயங்காலம் வந்து அதே ஃபீடர்களைத் தொட்டபோது எல்லாவற்றையும் ஒரு கிராம் கூட்டிச் சொன்னார். மீட்டரில் மாற்றம் இல்லை. அவரே சிரித்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்தார். பகலெல்லாம் தொட்ட மெழுகு விரலில் ஏறியிருந்தது. பக்கத்து ஃபீடரோடு ஒப்பிட விரல் போதும். காலையோடு மாலையை ஒப்பிட மீட்டர் வேண்டும். அடுத்த வாரமே சொந்தமாக ஒன்று வாங்கினேன்.

இப்போது மேற்கு ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம். ஷிஃப்ட் மாறும்போது பத்து ஃபீடர், நாளுக்கு ஒரு பத்தாக மாற்றி மாற்றி, மீட்டர் வைத்து நோட்டில் எழுதுகிறார்கள். பெல்ட்டைத் தளர்த்தும் ஒவ்வொரு முறையும் 90 சக்கரத்தையும் சுண்டிப் பார்ப்பது என் வேலை. 62-ஆவது ஃபீடர் மட்டும் இன்னும் ஐந்தரையில் நிற்கிறது. கேம் திருகின் மரை தேய்ந்துபோய், மேலே ஏற்றினால் பிடிப்பதில்லை. சாமான் சொல்லியிருக்கிறேன். வரும்வரை இந்த மிஷினில் வெள்ளையும் வெளிர் கலரும்தான்; நேவி ப்ளூ லாட் வந்தால் பக்கத்து மிஷினில் ஏற்றிவிடுகிறோம்.